கடையைக் கட்டுவது எப்படி?

போன மாதம் ஒரு தம்பி கூப்பிட்டான். அவன் அப்பா தொடங்கிய ஐந்து கிளைகளை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். பாத்திரம், துணிமணி, பிளாஸ்டிக் சாமான், பள்ளிப் பை என்று எல்லாம் விற்கும் கடைகள். "அக்கா, மூடப்போறோம். பேனர் எத்தனை அடி அடிக்கலாம்?" என்று கேட்டான். பேனர் அப்புறம் தம்பி, முதலில் கால்குலேட்டரை எடு என்றேன்.

பினாங்கில் இதே மாதிரி ஒரு நிறுவனத்தில் 24 வருஷம் இருந்தேன். காசாளராகச் சேர்ந்து, கிளைகளுக்கெல்லாம் மேலாளராகி, கடைசியில் அந்தக் கிளைகளையே மூடினேன். ஜெலுத்தோங், பாயான் பாரு, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், சுங்கைப் பட்டாணி என்று மொத்தம் ஒன்பது. முதல் இரண்டை மோசமாக மூடினேன், அடுத்ததெல்லாம் பரவாயில்லை. அந்தத் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதல் கணக்கு இது: கடை ஒரு நாள் திறந்திருக்க என்ன செலவு? பட்டர்வொர்த் கடைக்கு மாத வாடகை 24,000 வெள்ளி (ரிங்கிட்). 13 பேருக்குச் சம்பளம், சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா எல்லாம் சேர்த்து 29,000. மின்சாரம் 6,000, சில்லறைச் செலவு 1,000. ஆக மாதம் 60,000, நாளைக்கு 2,000. இந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி அலுவலக அறைக் கதவில் ஒட்டுங்கள். மூடுகிற காலத்தில் எல்லோரும் எத்தனை விழுக்காடு கழிவு (தள்ளுபடி) என்றே பேசுவார்கள், நாளைக்கு எவ்வளவு கரைகிறது என்று யாரும் பேசமாட்டார்கள்.

கடைசி நாளைத் தீர்மானிப்பதும் இந்த எண்தான். ஒரு நாள் கல்லாவில் 3,200 வெள்ளி விழுகிறது என்று வையுங்கள். செலவு போக 1,200 மிஞ்சும். அன்று விற்ற அதே சாமானை மொத்தமாக எடுப்பவரிடம் தள்ளியிருந்தால் 700 தந்திருப்பார் என்றால், கடையைத் திறந்து வைத்தது லாபம். ஒரு வாரம் கழித்து 2,400 விழுகிறது, 400 மிஞ்சுகிறது, மொத்தக்காரர் 500 தருவார் என்றால் அன்றைக்கே ஷட்டரை இழுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, ஜெலுத்தோங்கில் மூன்று வாரம் பார்த்தார். அந்த மூன்று வாரத்துச் செலவில் பாதிப் பேருக்கு ஆட்குறைப்புத் தொகை கொடுத்திருக்கலாம்.

எந்தக் கடையை முதலில் மூடுவது? அதிகம் நட்டம் தருகிற கடையைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். நான் வாடகை ஒப்பந்தங்களை வரிசையாகப் பரப்பி, முடியும் தேதியைத்தான் பார்ப்பேன். ஒப்பந்தம் இன்னும் 14 மாதம் இருக்கிற கடையை மூடினாலும் வீட்டுக்காரருக்கு வாடகைக் கடன் ஓடிக்கொண்டே இருக்கும். முடிய நான்கு மாதம் உள்ள கடையை மூடினால் வைப்புத்தொகையோடு பேச்சு முடியும். நீண்ட ஒப்பந்தமும் ஓரளவு கூட்டமும் உள்ள ஒரு கடையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, மற்றக் கடைகளின் மிச்சத்தை அங்கே கொண்டுவந்து சேருங்கள். எங்களுக்கு அது புக்கிட் மெர்தாஜாம்.

இதெல்லாம் நாமே தேதி குறிக்க முடிகிற நிலையில் இருந்தால்தான். ரொம்பத் தாமதித்தால் தேதியை வேறு யாராவது குறிப்பார்கள். 1997 செப்டம்பரில் ஜப்பானில் யாவோஹான் பேரங்காடி நிறுவனம் திவாலானபோது, கோலாலம்பூரில் தெ மால் கட்டடத்தில் இருந்த அதன் கடைக்குப் போய்ப் பழகியவர்களெல்லாம் அதிர்ந்து போனார்கள். 2020 அக்டோபர் 30ஆம் தேதி ரோபின்சன்ஸ் பேரங்காடி தன் சிங்கப்பூர், கோலாலம்பூர் கடைகளை மூடுவதாக அறிவித்தபோது கடைகள் கலைப்பாளர் கைக்குப் போயின, அதாவது சொத்தை விற்றுக் கடன்காரருக்குப் பிரித்துக் கொடுப்பவர் கைக்கு. 1858இல் தொடங்கிய பெயர் அது. உங்களிடம் இருக்கும் பணம் எல்லாக் கடன்காரருக்கும் போதாது என்று தெரிந்துவிட்டால், சாமானைத் தொடும் முன் வழக்கறிஞரையோ உரிமம் பெற்ற கலைப்பாளரையோ போய்ப் பாருங்கள். பழகிய சப்ளையர் என்று ஒருவருக்கு மட்டும் முழுக் கடனையும் அடைத்தால், 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி கலைப்பாளர் பிற்பாடு அதைத் திரும்பக் கேட்கலாம்.

சரி, அடுத்தது எண்ணிக்கை. கணினி சொல்வதை நம்ப வேண்டாம். ஞாயிறு இரவு கடை அடைத்த பிறகு, வேறு கிளை ஆட்களை வைத்து எண்ணுங்கள். சொந்தக் கிளை ஆட்கள் எங்கே என்ன இருக்கிறது என்ற நினைப்பிலேயே எண்ணிவிடுவார்கள். பாயான் பாருவில் நானே ஏணி வைத்து ஏறி, பண்டகசாலையின் மேல்தட்டைப் பார்த்தேன். பல வருஷத்துக்கு முந்தைய நோன்புப் பெருநாளுக்கு வாங்கிய பாஜு மெலாயு, அதாவது மலாய்க்காரர் அணியும் பாரம்பரிய உடை, 14 பெட்டி, பிரிக்காமல் இருந்தது. அதற்குப் பின்னால் வெள்ளைப் பள்ளிக் காலணி, 200 ஜோடிக்கு மேல். பள்ளிகளில் 2019இல் கறுப்புக் காலணிக்கு மாறத் தொடங்கியதிலிருந்து அதை வாங்க ஆள் இல்லை. கணினியில் இரண்டுக்கும் முழு விலை மதிப்பு போட்டிருந்தது. தவுக்கே கையில் இருப்பதாக நினைத்த சொத்தில் ஒரு பகுதி அந்த மேல்தட்டில் தூசியாகிக் கிடந்தது.

எண்ணும்போதே மூன்று நிற ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். கழிவே இல்லாமல் போகிற சோப்பு, மின்குமிழ், குக்கர் போன்றவற்றுக்குப் பச்சை. தள்ளினால் போகும் சாமானுக்கு மஞ்சள். இனாமாகக் கொடுத்தாலும் யோசிப்பார்கள் என்றால் சிவப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே கழிவு போடுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே அதிகம் பணம் தின்றது. முதல் நாளே குக்கருக்கு 50 விழுக்காடு போட்டால், குக்கர் இரண்டு நாளில் தீரும், சிவப்பு ஸ்டிக்கர் மட்டும் மிஞ்சும். குக்கர் இல்லாத கடைக்கு யார் வருவார்கள்?

இன்னொன்றையும் எண்ணும்போதே பிரிக்க வேண்டும். கமிஷனுக்கு வைத்திருக்கும் பிறர் சாமான், அதாவது கன்சைன்மென்ட். கைப்பை, உள்ளாடை, வாசனைத் திரவியக் கவுண்டர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அது உங்கள் சொத்து இல்லை, உங்கள் கழிவு விலையில் விற்கவும் கூடாது. அந்தந்தக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஆட்கள் முன்னால் எண்ணி, கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். செய்தி கசிந்த இரவே சில சப்ளையர்கள் லோரியோடு வந்து நிற்பார்கள். கவுண்டர்காரப் பெண் அழுதுகொண்டே நிற்பாள், காவலாளிக்கு என்ன செய்வதென்று தெரியாது. பில் இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகக் கூடாது என்று காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி விலை. எட்டு வாரம் வைத்துக்கொண்டால், நான் போடும் படி இப்படி. முதல் இரண்டு வாரம் மஞ்சளுக்கு 30 விழுக்காடு, சிவப்புக்கு 50, பச்சைக்கு 10. மூன்றாவது, நான்காவது வாரத்தில் மஞ்சளுக்கு 50. அதற்குப் பிறகு வாரா வாரம், கூட்டத்தைப் பார்த்து. 20இல் தொடங்கினால் யாரும் நம்பமாட்டார்கள், அது வழக்கமான பெருநாள் மலிவு மாதிரித் தெரியும். முதல் சனி, ஞாயிறு வருகிற கூட்டம்தான் பெரிய கூட்டம். மூடப்போகிறார்களாமே என்று கேள்விப்பட்டுப் பழைய வாடிக்கையாளர் எல்லோரும் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அவர்களில் பலர் வாங்குவது பச்சைச் சாமான். அந்த இரண்டு நாளில் பச்சையில் பாதி தீர்ந்தால் திட்டம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

விலைச்சீட்டில் பழைய விலை உண்மையான பழைய விலையாக இருக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் இரண்டாவது கடையில் ஒரு மேற்பார்வையாளர் 59.90 வெள்ளி இட்லிக் குண்டான் மேல் 89.90 என்று புதுச் சீட்டு ஒட்டி, அதில் 30 விழுக்காடு கழித்து 62.93 என்று போட்டுவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் கைப்பையிலிருந்து நான்கு மாதத்துக்கு முந்தைய ரசீதை எடுத்து என் முன் வைத்தார். "ஏம்மா, மூடுறப்போ கூடவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மூன்றாம் நாள் அமலாக்க அதிகாரிகள் வந்தார்கள். ஒரு நாள் முழுதும் சீட்டுகளைப் பிரித்து ஒட்டினோம். மலிவு விற்பனைக்கென்று 1997ஆம் ஆண்டிலிருந்தே விதிமுறைகள் இருக்கின்றன. பேனர் கட்டும் முன் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் மாநில அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேனருக்கு மாநகர் மன்ற அனுமதியும் வேண்டும், தேசிய மொழியும் வேண்டும். "ஜுவாலான் பெங்ஹாபிசான் ஸ்டோக்" (சரக்குத் தீர்க்கும் விற்பனை) என்பது பெரிதாக, தமிழும் சீனமும் கீழே. அந்தத் தம்பி கேட்ட பேனர் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

சாமானைக் கடைக்குக் கடை மாற்றுவதில் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. தீவிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி ஒரு லோரி நடைக்கு எங்களுக்கு 250 வெள்ளி, ஏற்றி இறக்க இரண்டு ஆள். முதல் தடவை ஜெலுத்தோங்கிலிருந்து பிளாஸ்டிக் வாளியும் துணிக்கூடையும் ஏற்றி புக்கிட் மெர்தாஜாமுக்கு அனுப்பினேன். லோரி நிறைந்துவிட்டது, உள்ளே இருந்த சாமானின் விலை 900 வெள்ளிகூட இல்லை. காற்றைச் சுமந்துகொண்டு பாலம் தாண்டியிருக்கிறது. அதே லோரியில் எவர்சில்வர் பாத்திரமும் சட்டைத் துணியும் ஏற்றினால் 15,000 வெள்ளிச் சாமான் போகும். இடம் அடைக்கும் மலிவுச் சாமானை இருக்கிற கடையிலேயே, ஒரு வெள்ளிக்கானாலும் தள்ளிவிடுங்கள். துணியில் நடு அளவுகள் முதலில் போய்விடும். மிஞ்சுவது எஸ்ஸும் மூன்று எக்ஸெல்லும். ஒன்பது கடையின் மிச்சத்தையும் ஒரே கடையில் சேர்த்தால்தான் ஒரு சட்டைக்கு எல்லா அளவும் கிடைக்கும், அப்போது மறுபடி ஓடும்.

கடை பாதி காலியானதும் அதை அப்படியே விடக் கூடாது. பின்பக்கத்தைக் கயிறு கட்டி, விளக்கை அணைத்துவிட்டு, சாமானை எல்லாம் முன்னால் இழுங்கள். வாரம் ஒரு வரிசை அலமாரியைச் சுருக்குங்கள். இருக்கிற சாமான் குறைவானாலும் தட்டு நிறைந்து தெரிய வேண்டும். காலித் தட்டைப் பார்த்தால் நல்லது எல்லாம் போய்விட்டது என்று வாசலோடு திரும்பிவிடுவார்கள். இதில் இன்னொரு நன்மை, திருட்டு குறையும். கடைசி மூன்று வாரத்தில் கை நீளும். வெளியாளைவிட உள்ளாளைப் பற்றித்தான் சொல்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை போகிறது, பத்து வருஷம் அடுக்கிய சாமான் கண்முன் குப்பை விலைக்குப் போகிறது. அதனால்தான் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு கூடை சாமான், விலை போட்டுப் பில் அடித்து, இனாமாகக் கொடுக்கச் செய்தேன். அதற்குப் பிறகு காணாமல் போவது நன்றாகக் குறைந்தது.

ஊழியர் விஷயத்தை அவசரமாக எழுத முடியாது. பேனர் கட்டும் முன் அவர்களிடம் சொல்ல வேண்டும். பேனரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலைக்கு விடாதீர்கள். ஜெலுத்தோங்கில் அப்படித்தான் நடந்தது. 17 வருஷம் வேலை செய்த காசாளர் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கடை வாசலில் ஆட்கள் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று அவர் கல்லாவில் உட்கார்ந்தார், எதுவும் கேட்கவில்லை. நான்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பண்டகசாலையில் நின்றுகொண்டிருந்தேன்.

சட்டம் கேட்பது இது. ஆட்குறைப்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் தொழிலாளர் இலாகாவுக்கு, ஆட்குறைப்பைத் தெரிவிக்கும் பிகே பாரம் போக வேண்டும். நோட்டீஸ், இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குவோருக்கு ஆட்குறைப்புத் தொகையும் உண்டு. ஒவ்வொரு வருஷ வேலைக்கும் 10 நாள், 15 நாள், 20 நாள் சம்பளம் என்று அதே மூன்று படியில் ஏறும். மாதம் 2,100 வெள்ளி வாங்கும், 11 வருஷம் வேலை செய்த ஒருவரைப் பாருங்கள். ஆண்டுச் சம்பளத்தை 365ஆல் வகுத்தால் நாளைக்கு 69.04. வருஷத்துக்கு 20 நாள் வீதம் 11 வருஷத்துக்கு 220 நாள், அதால் பெருக்கினால் ஏறக்குறைய 15,190 வெள்ளி. அப்படி ஆறு பேர் இருந்தால் 91,000. இந்தத் தொகையைச் சாமான் விற்ற பணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தவுக்கேமார் நினைப்பார்கள். கூடாது. முதல் வாரத்துப் பணத்திலேயே தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். ஒரே வேலையில் வெளிநாட்டு ஊழியரும் இருந்தால் அவர்களைத்தான் முதலில் நிறுத்த வேண்டும், அதுவும் சட்டத்தில் இருக்கிறது.

சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்துக்கு வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளட்டும் என்று விடாதீர்கள். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் அலுவலகக் கணினியைத் திறந்து வைத்து, வரிசையாக உட்காரவைத்து விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். மூத்த அக்காமார்களுக்கு மின்னஞ்சல் முகவரிகூட இருக்காது. கடைசி நாள் வரை நிற்பவருக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதல் என்று எழுத்தில் கொடுத்தால், பாதி வழியில் ஆள் இல்லாமல் தவிக்க வேண்டியதில்லை. பேச்சில் கொடுத்தால் நம்பமாட்டார்கள், நம்பவும் தேவையில்லை.

பரிசு வவுச்சர், முன்பணம் கட்டி வைத்த அலமாரி, உறுப்பினர் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரு கடைசித் தேதி போட்டு, அது முடியும் வரை மதியுங்கள். வங்கி அட்டை இயந்திரக் கம்பெனியிடமும் முன்பே பேசுங்கள். மூடுகிற செய்தி தெரிந்தால் சில சமயம் பணத்தைப் பிடித்து வைத்துவிடுவார்கள்.

அலமாரியும் துணி மாட்டும் பொம்மையும் ஹேங்கரும் சாமான்தான். 2009 ஜனவரியில் பிரிட்டனில் உல்வொர்த்ஸ் தன் 800க்கும் மேற்பட்ட கடைகளை மூடி முடித்தபோது தட்டுகளைக்கூட விற்றார்கள். நாங்கள் முதல் நாளே ஒவ்வொரு அலமாரியிலும் எண் ஒட்டி, மினி மார்க்கெட் வைத்திருப்பவர்களுக்குப் படம் அனுப்பினோம். பாதிப் பணம் முன்பணம், எடுக்கும் தேதி கடை மூடிய மறுநாள். ஆனால் அது வாடகைக்கு எடுத்ததா, தவணையில் வாங்கியதா என்று பார்த்துவிட்டு விற்க வேண்டும். நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றை விற்கப் போய், அது குத்தகைக் கம்பெனியுடையது என்று கடைசி நிமிஷத்தில் தெரிந்தது.

கடைசி மிச்சத்துக்குப் பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, வியாபாரிகள் வருவார்கள். பிறை என்ற ஊரிலிருந்து வந்த ஒரு தம்பி மூட்டைகளை எண்ணவே இல்லை. ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார், இன்னொன்றில் கையை விட்டு அடியிலிருந்து ஒரு துணியை உருவிப் பார்த்தார். "அக்கா, மேல நல்லதா வச்சிருக்கீங்க" என்று சிரித்தார். துணி ஒன்றுக்கு 3 வெள்ளி கேட்டேன், 1.80 என்றார், 2.20இல் முடிந்தது. அந்த 14 பெட்டி பாஜு மெலாயுவும் அதில் போய்விட்டது. பேரத்தில் ஒன்று மட்டும் விடாதீர்கள்: பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது, எல்லாம் எடுத்தால்தான் இந்த விலை. வெள்ளைக் காலணியையும் அப்படித்தான் தலையில் கட்டினேன். கலை நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளுக்கு வாங்குவார்கள் என்றார், வாங்கியிருப்பார்கள்.

கட்டடத்தைத் திருப்பிக் கொடுப்பது சுருக்கமான வேலை, ஆனால் வைப்புத்தொகை அதில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று இருந்தால், தடுப்புச் சுவர், கூரை விளக்கு, பெயர்ப்பலகை எல்லாம் இறங்க வேண்டும், சுவரில் ஆணி ஓட்டை அடைக்க வேண்டும். வீட்டுக்காரரோடு நடந்து, இருவரும் சேர்ந்து படம் எடுத்து, அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். மின்சார மீட்டரின் கடைசி எண்ணையும் படம் எடுங்கள். உறுப்பினர் பாரங்களில் அடையாள அட்டை எண் இருக்கும், அவற்றைக் குப்பையில் போடாமல் கிழித்து அழியுங்கள். கணக்குப் புத்தகங்களை 7 வருஷம் வைத்திருக்க வேண்டும். எங்கள் பெட்டிகள் என் வீட்டுப் பின்னறையில் இருக்கின்றன, தவுக்கே வீட்டில் இடம் இல்லையாம்.

ஷட்டரில் ஒரு கைத்தொலைபேசி எண்ணை ஒட்டி, ஆறு மாதமாவது அதை உயிரோடு வைத்திருங்கள். ரசீதோடு வருபவர், சம்பளச் சான்றிதழ் கேட்கும் பழைய ஊழியர், வரி இலாகா என்று யாராவது கூப்பிடுவார்கள். நான் ஒட்டியது என் சொந்த எண். இப்போதும் வருகிறது. போன வாரம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு அங்கிள், நம் கடையில் வாங்கிய குக்கருக்கு ரப்பர் வளையம் கிடைக்குமா என்றார். கடையே இல்லை அங்கிள் என்றேன். "அது தெரியும்மா, வளையம் இருக்கா?" என்று கேட்டார்.